பழைய பித்தளை நிறம்

பட்டு வேட்டி எடுக்கப் பின்னறைக் கதவைத் திறந்த மனோகரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அறை வெறுமையாகக் கிடந்தது. சுவரோடு அலுமாரி மட்டும் நின்றது. நிலம் முழுவதையும் யாரோ கூட்டிக் கழுவியிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை.

முன்பக்கத்தில் ஐயரின் குரல் கேட்டது. கூடத்தில் அவளுடைய கணவர் ஆழ்வாப்பிள்ளையின் உடலைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள், உடுத்துவதற்குத்தான் வேட்டி. வேறு யாராவது போகலாம் என்று சொன்னார்கள். அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தனக்குத்தான் தெரியும் என்று அவளே எழுந்து வந்திருந்தாள்.

"மாமி, வேட்டி கிடைச்சதோ? ஐயர் கேக்கிறார்."

அனோஜன் பின்னால் வந்து நின்றான். ஆழ்வாப்பிள்ளையின் தங்கை மகன். முழங்கால் வரை சேறு. சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"தம்பி, இதுக்குள்ள இருந்த கல்லெல்லாம் எங்க?"

"ஒழுங்கையில போட்டாச்சு மாமி. தண்ணிக் குழாய் தாழ்க்க வெட்டின கிடங்கு, விடியப் பெய்த மழையில இடிஞ்சு போச்சு. பிரேத வண்டி றோட்டோட நிக்குது, உள்ளுக்கு வரேலாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும். பனங்குத்தி போட்டுப் பாத்தம், அது சேத்துக்குள்ள புதைஞ்சு போகுது. அடியில போடக் கல்லு வேணும். நிரோஜன் அண்ணைதான் இதைக் காட்டினவர்."

"முழுக்கவோ?"

"ஓம் மாமி. அதுவும் காணாமல் மதில் கல்லும் கொஞ்சம் பிடுங்கினனாங்கள். அறையும் வெளிச்சுப் போச்சு, வாற பொம்பிளையள் இருக்கலாம்."

அவன் விடிவதற்கு முன்பே வந்தவன். தேத்தண்ணிகூடக் குடித்திருக்க மாட்டான். மனோகரி அலுமாரியைத் திறந்தாள். கை தானாகவே வேட்டியைத் தேடி எடுத்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு போனான். அறைக்குள் நெருப்புக்குச்சி மணம் மட்டும் மிச்சமிருந்தது. எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. சுவரில் ஊறிய மணம்.

ஆழ்வாப்பிள்ளை அரசாங்கத்தில் புவிச்சரிதவியலாளராக இருந்தவர். கலியாணம் கட்டிய புதிதில் அவருக்குத் திருகோணமலைக்குத் தெற்கே காட்டோரத்தில், செம்பு தேடி நிலத்தைத் துளைக்கும் முகாமொன்றில் வேலை. இயந்திரம் நிலத்துக்குள் இறங்கி, மணிக்கட்டுத் தடிப்பில் உருளை உருளையாகக் கல்லை வெட்டி மேலே கொண்டுவரும். அதை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியை அரைத்துச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, மறு பாதியை ஆழத்தின் வரிசைப்படி மரப்பெட்டிகளில் அடுக்கி வைப்பார்கள். எந்தக் கல்லுக்குக் கீழே எந்தக் கல் என்பதுதான் எல்லாம். அந்த ஒழுங்கு குலைந்தால் அது வெறும் சல்லி.

செம்பு, பாய் விரித்ததுபோல ஒரு படுக்கையாகக் கிடக்கிறது என்றுதான் முகாமில் பெரியவர்கள் படம் கீறினார்கள். ஆழ்வாப்பிள்ளை மட்டும் இல்லை என்றார். கறுப்புக் காந்தக்கல் முந்தி உண்டானது. அது இறுகி, பிறகு வெடித்தது. அந்த வெடிப்புகளுக்குள்ளால், எவ்வளவோ காலத்துக்குப் பின், கொதிநீர் செம்பையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு ஏறி வந்தது. ஆகவே தேடவேண்டியது படுக்கையை அல்ல, வெடிப்புப் போகும் திசையை. அது மேற்கே, வயல்களுக்கு அடியில் போகிறது என்பது அவருடைய கட்சி. மேற்கே துளைக்கச் சம்மதம் கிடைத்த வருடம் நாடு கெட்டது. முகாமை மூடினார்கள். தன்னுடைய கடைசித் துளையின் பெட்டிகளை மட்டும் ஒரு வெங்காய லொறியில் ஏற்றி அவர் தீவிலிருந்த தன் ஊர் புளியங்கூடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மிச்சப் பெட்டிகள் எல்லாம் அங்கே கொட்டிலோடு எரிந்தன.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் ஓடினார்கள். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, யன்னல் இல்லை, ஓடில்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை. பெட்டிப் பலகைகளை யாரோ அடுப்பெரித்திருந்தார்கள். கற்கள் மட்டும் வளவெல்லாம் சிதறி, புல்லுக்குள்ளும் ஆட்டுப் புழுக்கைக்குள்ளும் கிடந்தன. கல்லை யார் களவெடுப்பார்கள்?

மற்றவர்கள் கூரை போட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை கல் பொறுக்கினார். பின்னறையில் பனையைப் பிளந்து குடைந்த பீலிகளை வரிசையாகப் போட்டு, இரண்டு துண்டுகளை இரண்டு கையிலும் எடுத்து, உடைந்த முனைகளை ஒன்றோடொன்று வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொருந்தினால் பீலியில் வைப்பார். பொருந்தாவிட்டால் வேறொன்று. இப்படியே வருடங்கள் போயின. உப்புக்காற்றில் கந்தகக் கற்கள் வெள்ளையாகப் பூத்தன. அலுமாரிக்குள் இருந்த சேலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்தது.

"உந்தக் கல்லைத் தூக்கிக் கடலுக்குள்ள எறியுங்கோ. இல்லாட்டி நான் எறிவன்." மனோகரி இதைச் சொல்லாத நாள் குறைவு. மகன் நிரோஜன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் வாயைத் திறந்தவுடனேயே அந்த வசனத்தைத் தானும் சேர்ந்து சொல்லிச் சிரிப்பான்.

இப்போது அவன் கூடத்து வாசலில், ஈர வேட்டியோடு, தோளில் பூணூல் போட்டபடி நின்றான். கிளிநொச்சியில் படிப்பிக்கிறவன். செய்தி கேட்டு நேற்றுப் பின்னேரம்தான் வந்து சேர்ந்தான். மனோகரி அவனைக் கையால் அருகே கூப்பிட்டாள்.

"நீயோ தம்பி கல்லை எடுக்கச் சொன்னனீ?"

"ஓம் அம்மா. வேற வழி இல்லை. தூக்கிறவை சறுக்கி விழுந்தா என்ன செய்யிறது?" பிறகு குரலைத் தணித்தான். "அதோட, அப்பாவுக்குப் பிறகு உதை ஆர் பாக்கிறது? நீங்கள் அந்த மணத்துக்குள்ள தனியக் கிடந்து என்ன செய்யப்போறியள்? எத்தினை வருசமாச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள். அதுதான், இண்டைக்கே துப்புரவாக்கி விடுவம் எண்டு நினைச்சன்."

அவன் அழுது வீங்கிய கண்ணோடு, தாய்க்கு ஒரு நன்மை செய்த ஆறுதலோடு நின்றான். மனோகரி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பூணூல் முறுக்கி இருந்ததை நேராக்கிவிட்டாள்.

"சரி. ஐயர் கூப்பிடுறார், போ."

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கிளிநொச்சிக்குப் போன பிறகுதான் சீனி வருத்தம் தகப்பனின் கண்ணைத் தின்னத் தொடங்கியது. ஒருநாள் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "இஞ்சரும், ஒருக்கா வாரும். இது என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சையில எத்தினை இருக்கு. என்ன பச்சை?"

அவள் யோசித்தாள். "பயத்தம் பச்சை. ஊறப்போட்டுப் பருத்த பயறு."

அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் கண்டு கனகாலம். "நல்லது. இதுக்குப் பக்கத்தில ஊறாத பயறு நிறத்தில ஒண்டு இருக்கோ, பாரும்."

அன்று தொடங்கியது. முதலில் கொஞ்ச நேரம், பிறகு சமையல் முடிந்த பின்னேரங்கள் முழுவதும். கறுப்புக்கு அருகே பழைய றேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பிடித்தால் அது துள்ளிப் போய் ஒட்டும். மஞ்சளில் இரண்டு வகை. ஒன்று கடையில் வாங்கிய புதுப் பித்தளை. கத்தி முனையால் கீறினாலும் கீறுப்படாது. அது வெறும் இரும்பும் கந்தகமும். மற்றது பழைய பித்தளை, விளக்காத குத்துவிளக்கு நிறம். கத்திக்கு இளகும், தூள் கரும்பச்சையாக வரும். அதுதான் செம்பு. கறிக்கத்தி மொட்டையாகிவிட்டது என்று அவள் புறுபுறுத்தாள். ஆனால் அடுத்த நாளும் அதைத்தான் கொண்டுபோனாள்.

"உமக்கு இது விளங்குதோ?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"விளங்காமல் என்ன? கறுப்பு முந்தி வந்தது. மஞ்சள் பிந்தி வந்து, அதின்ர வெடிப்புக்குள்ள குடியிருந்தது."

அவர் கையிலிருந்த கல்லைப் பீலியில் வைத்தார். "அந்தக் காலத்தில இதை அவையளுக்குச் சொல்லி முடியேல்லை" என்றார்.

வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூடும்போது ஆழ்வாப்பிள்ளையின் தங்கை ஞானசவுந்தரி தலையிலடித்து அழுதாள். பறை தொடங்கியது. மழை நின்று, தூறல் மட்டும் இருந்தது.

பெட்டி வருமுன் மனோகரி படலையடிக்கு வந்தாள். றோட்டுக்குப் போகும் ஒழுங்கையின் குறுக்கே கிடங்கு இருந்த இடம் கற்களால் மேடு கட்டியிருந்தது. மேலே பனங்குற்றிகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். குற்றிகளின் இடைவெளிகளுக்குள்ளும் இருபக்கத்துச் சேற்றிலும் கற்கள் தலை காட்டின. மழை கழுவியதில் அவை அறைக்குள் இருந்ததைவிடத் துலக்கமாகத் தெரிந்தன. வெள்ளைப் பளிங்கு. பயத்தம் பச்சை. கறுப்பு. கறுப்பை ஊடறுத்து ஓடிய மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக் கல்லை அவளுக்குத் தெரியும். அதைப் பொருத்திய அன்று அவர் எழுந்து நின்று அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார், விழாமலிருக்க என்பதுபோல.

அனோஜன் அவள் முகத்தைக் கண்டு அருகே வந்தான். "மாமி, உது ஏதும் முக்கியமான கல்லோ?" அவன் குரல் மாறியிருந்தது. "வேணுமெண்டாச் சொல்லுங்கோ, எடுப்பிக்கிறன். கொஞ்சம் சுணங்கும்."

பின்னால் வாசலில் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். நிரோஜன் முன்னே கொள்ளிச்சட்டியோடு நின்றான். பிரேத வண்டிக்காரன் றோட்டிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"விடு தம்பி" என்றாள் மனோகரி. "நல்லா இறுக்கிப் போட்டிருக்கிறியளோ? ஆளுக்குச் சறுக்காதே?"

"சறுக்காது மாமி."

அப்போதுதான் அந்தப் பிள்ளை றோட்டுப் பக்கத்திலிருந்து வந்தாள். தனுசியா. பேராதனையில் புவிச்சரிதவியல் படிப்பிக்கிறவள். எரிந்துபோன அந்த முகாமின் செம்புப் படிவம் நிலத்துக்குள் எப்படிக் கிடக்கிறது என்று மறுபடி கட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு துளையின் கற்கள்தான். ஆவணியில் வந்து கதவுப் பக்கத்துப் பீலிகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள். தையில் வந்து கற்களை ஒழுங்கு குலையாமல் எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். மரணச் செய்தி கேட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து, பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் வரும் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள்.

அவள் குடையை மடக்கிக்கொண்டு மேட்டில் கால் வைத்தாள். குனிந்தாள். ஒரு கல்லை எடுத்து விரலால் சேற்றை வழித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு அப்படியே குந்திவிட்டாள்.

"ஆரப்பா அது, நடுவில இருக்கிறது?" என்று பெட்டிக்கு முன்னால் வந்த ஒருவர் சத்தம் போட்டார். பறை நின்றது.

மனோகரி சேற்றில் இறங்கிப் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். பிள்ளை கல்லை விடவில்லை.

"அன்ரி, இது ஆழ்வாப்பிள்ளை சேரின்ர..."

"ஓம் பிள்ளை. எழும்பும். வழி விடும். முதல்ல அவர் போகட்டும்."

இருவரும் வேலியோடு ஒதுங்கி நின்றார்கள். பெட்டி வந்தது. தூக்கியவர்கள் ஒவ்வொருவராகக் குற்றிகளில் கால் வைக்க, அடியில் கற்கள் ஒன்றோடொன்று உரசி நறநறத்தன. ஒருவருக்குக் கால் கொஞ்சம் புதைந்தது. பெட்டி சாய்ந்து, பிறகு நேரானது. ஒருவரும் விழவில்லை. பெண்கள் படலையோடு நின்று அழுதார்கள். வண்டியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பறை வரவரத் தேய்ந்து, கடற்கரைப் பக்கமாகத் திரும்பியது.

பெண்கள் வீட்டைக் கழுவி, கிணற்றடியில் குளித்தார்கள். மனோகரிக்கு ஞானசவுந்தரி தலையில் தண்ணீர் வார்த்தாள். வெள்ளைச் சேலையும் ஈரத் தலையுமாக அவள் பின்னறைக்கு வந்தபோது, தனுசியா கைகளில் காய்ந்த சேற்றோடு சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள். அவளுடைய கால் மாட்டில் ஒழுங்கையிலிருந்து பொறுக்கிய ஐந்தாறு கற்கள்.

"எத்தினை எடுக்கலாம் எண்டு பாத்தனான் அன்ரி. அடியில போனது எல்லாம் நொறுங்கிப் போச்சு. கந்தகக் கல்லு ஏற்கெனவே உதிரத் தொடங்கினதுதானே. மேல கிடக்கிறது எடுக்கலாம். ஆனா எது எதுக்குக் கீழ எண்டு இனிச் சொல்லேலாது."

மனோகரி அவளுக்கு எதிரே இருந்தாள். வளவில் யாரோ கதிரைகளைக் கழுவினார்கள்.

"உம்மட போனில கதைக்கிறது பதியுமோ?"

"ஓம்... ஏன் அன்ரி?"

"பதியும். நான் சொல்லுறன்."

"இண்டைக்கு வேண்டாம் அன்ரி. நீங்கள் படுங்கோ. நான் பிறகு ஒருநாள் வாறன்."

"நாளைக்கு எனக்கு மறந்து போம்."

தனுசியா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பிறகு தயங்கினாள். "அன்ரி, உங்களிட்டை மறைக்கக் கூடாது. கல்லு இல்லாமல் சொல்லை மட்டும் வைச்சு நான் ஒண்டும் எழுதேலாது. ஒருத்தரும் ஏற்க மாட்டினம்."

"தெரியும் பிள்ளை. ஒருக்கா முழுக்கச் சொல்லிப் பாப்பம் எண்டுதான்."

போன் நிலத்தில் வைக்கப்பட்டது. மனோகரி கண்ணை மூடவில்லை. வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

"இது முதல் பீலி. மேல மண்ணிறம், கையில ஒட்டும். பிறகு வெள்ளை, கல்லுப்பு மாதிரி. அது நீளம். வெள்ளைக்குள்ள பச்சை பொட்டுப் பொட்டா வரும். பிறகு பொட்டுக் கூடிக் கூடி முழுப் பச்சை, ஊறின பயறு. அதுக்குக் கீழ ஊறாத பயறு..."

தனுசியா முதலில் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய கண்ணும் நிலத்துக்குப் போனது. மனோகரியின் விரல் போகும் இடத்தோடு அதுவும் போனது. இடையிடையே தாழ்ந்த குரலில் கேட்டாள்: கறுப்பு சடுதியாகத் தொடங்குமோ, மெல்ல மெல்லவோ? மஞ்சள் கோடு குறுக்காகவோ, சரிவாகவோ? மனோகரி உள்ளங்கையைச் சரித்துக் காட்டினாள். "இவ்வளவு. கீழ போகப் போகச் சரிவு கூடும். கோடும் தடிக்கும். இதில விரல் தடிப்பு, பழைய பித்தளை. அவர் சொன்னவர், தாய் வெடிப்பு கிட்டத்தில நிக்குது எண்டு."

தனுசியா முன்னே குனிந்தாள். "சரிவு எந்தப் பக்கம் அன்ரி?"

"மேற்கு. பெட்டியில வைக்க முந்திக் கல்லில கீறின திசை அடையாளம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாலைஞ்சு தரம் தடவிப் பாத்தவர்."

யன்னல் பக்கத்துக் கடைசிப் பீலிக்கு வந்தாள். அங்கே பாதிதான் பொருத்தியிருந்தது. மெதுவாகப் போனாள். கறுப்பு. கறுப்பில் உடைசல். மஞ்சள். வெள்ளை நரம்பு. மஞ்சள்.

நிறுத்தினாள்.

"அதுக்குப் பிறகு ஒண்டு இருக்கு" என்றாள்.

தனுசியா காத்திருந்தாள்.

"நேற்றுக் காலமை இந்த இடத்தில இருந்துதான் கூப்பிட்டவர். 'இஞ்சரும், ஓடியாரும், இது என்ன நிறம்' எண்டு. ஓடிவரச் சொல்லிக் கேக்கிற ஆள் இல்லை. நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான். வாறன் எண்டனான். பானையைச் சரிச்சு வைச்சிட்டு வரேக்குள்ள சுவரில சாஞ்சிருந்தார். கல்லு மடியில கிடந்தது." சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றினாள். "ஆரோ எடுத்து அங்கால வைச்சினம். நான் அதைப் பாக்கேல்லை."

போன் பதிந்துகொண்டே இருந்தது. தனுசியா குனிந்து அதை நிறுத்தினாள்.

கிணற்றடியில் வாளி விழுந்தது. ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஈர விறகு, சுணங்கித்தான் பிடித்தது என்று யாரோ சொன்னது கேட்டது. நிரோஜன் துவாய் கேட்டான். மனோகரி எழுந்தாள். அலுமாரியிலிருந்து துவாயை எடுத்து ஞானசவுந்தரியிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கமாக நடந்தாள்.

அயல்வீட்டுக் கஜனி புட்டும் கறியும் கொண்டுவந்து வைத்திருந்தாள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வெளிக் குசினிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மனோகரி தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சோற்றுப் பானை, மூடி அழுத்தியபடி, சரிந்தே கிடந்தது. அடியில் வைத்த சட்டியில் கஞ்சி ஆடை கட்டி இருந்தது. அவள் இரண்டு கையாலும் பானையைப் பிடித்து நிமிர்த்தி வைத்தாள்.